கோடிப்புறத்துப் பாதை

நாற்சார் வீடு என்றதும் எங்களில் பலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. நடுவே வானம் பார்த்த முற்றம். நாலு பக்கக் கூரையிலிருந்தும் மாரி மழை அதற்குள் வந்து விழும். சுண்ணாம்புக் கல்லில் எழுப்பிய தடித்த சுவர்கள், பனைமரத் தீராந்திகள், சிலாகைகள். முதலில் பனையோலை வேய்ந்து, காசு வந்த காலத்தில் ஓடு போட்டார்கள். தெருப்பக்கம் கூரை வைத்த சங்கடப்படலை, வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்க. இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது.

வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீடு அம்மாவின் சீதனம். தேசவழமையில் பெண்ணுக்குச் சொத்து உண்டு என்று பெருமை பேசுவோம். அதை விற்கக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதை விட்டுவிடுவோம்.

விட்டுவிடுவது அது மட்டுமல்ல. தலைவாசலுக்கு வராமல், வேலியோரமாகக் கோடிப்புறத்துக்குப் போக ஓர் ஒற்றையடிப் பாதை இருந்தது. தோட்டம் கொத்தியவர்களும் பனை ஏறியவர்களும் அதனால்தான் வந்தார்கள். தேத்தண்ணி சிரட்டையில், பின்னாளில் அவர்களுக்கென்று ஒரு தகரப் பேணி தாழ்வாரத்தில் செருகியிருந்தது. துலாவைத் தொடக்கூடாது, யாராவது அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்பார்கள். 1957இல் இதற்கெதிராகச் சட்டம் வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அவர்கள் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்றபோது எங்கள் திண்ணையில் கதைத்தவை எங்களுக்கு நினைவிருக்கின்றன. எழுதக் கை கூசுகிறது.

அப்படியென்றால் அந்த வீட்டுக்காக அழ எங்களுக்கு உரிமை உண்டா? உண்டு என்றே நினைக்கிறோம். 1990 ஜூனில், ஷெல் அடிக்கு நடுவே, சோற்றை அடுப்பில் விட்டுவிட்டு ஓடியதும் உண்மைதான். நாம் செய்த அநியாயத்தால் எமக்குச் செய்யப்பட்டது நியாயமாகிவிடாது. ஆனால் எல்லோருடைய இழப்பும் ஒன்று என்று எழுதுகிறோமே, அதுதான் பொய். நாம் கொழும்புக்குப் போய் விமானம் ஏறினோம். எங்கள் காணி மூலையில் கொட்டில் போட்டிருந்த குடும்பம் இருபது வருஷத்துக்கு மேல் முகாமில் கிடந்தது.

காணி விடுவிக்கப்பட்டபோது உறுதி கேட்டார்கள். எங்களிடம் இருந்தது, அம்மா நகையோடு சேர்த்து முடிந்துகொண்டு வந்தது. அவர்களிடம் எதுவுமில்லை. மூன்று தலைமுறையாக அவர்கள் அங்கே இருந்ததற்குச் சாட்சி நாங்கள்தான்.

வீடு தரைமட்டம். கிணற்றுக் கட்டு மட்டும் நிற்கிறது.

இப்போது மூன்று நாடுகளிலிருந்து தொலைபேசியில் சண்டை. பழைய அளவிலேயே நாற்சார் வீடு கட்டி, வருஷத்தில் இரண்டு கிழமை போய் இருக்கலாம் என்கிறார் ஒருவர். அந்தக் குடும்பத்துக்கு இரண்டு பரப்பு எழுதிக் கொடுப்போம் என்றாள் தங்கை.

"அப்ப கிணறு?" என்று கேட்டார் பெரியண்ணா.

கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் சேர்த்தே எழுதுவோம் என்றோம். பெரியண்ணா இன்னும் பதில் சொல்லவில்லை. அவருடைய கையெழுத்தும் வேண்டும்.