தூண்டிலும் மடியும்

கொல்லுவது என்று ஆன பிறகு எப்படிக் கொன்றால் என்ன? புலால் உண்ணாத நண்பர் ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். "தூண்டிலில் மாட்டிச் செத்தாலும் வலையில் அகப்பட்டுச் செத்தாலும் மீனுக்கு இரண்டும் ஒன்றுதானே? ஒரு முறை நல்லது, இன்னொரு முறை தீயது என்று பிரித்துப் பேசுவதெல்லாம், தின்கிறவர்கள் தங்கள் மனத்தைச் சமாதானப்படுத்திக் கொள்வதற்காகச் செய்கிற தந்திரம்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. அகப்பட்ட மீனின் பக்கத்தில் நின்று பார்த்தால் தூண்டிலுக்கும் வலைக்கும் வேற்றுமை இல்லை. ஆனால் அகப்படாத மீன் என்று ஒன்று இருக்கிறது. நாளைக்கு முட்டையிடப் போவது அது. நாளைய மனிதன் உயிரோடிருக்க நம்பியிருப்பதும் அதைத்தான். முறையைப் பற்றிய கேள்வியை அந்த மீனின் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தேவிபட்டினத்தை அறியாதவர்கள் குறைவு. இராமநாதபுரத்திலிருந்து சிறிது தூரத்தில், கடலுக்குள்ளே நவக்கிரகங்களாக ஒன்பது கற்கள் நிற்கும் ஊர். இலங்கைக்கு அணை கட்டப் புறப்பட்ட இராமன் இங்கே வழிபட்டான் என்பது ஐதீகம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த ஒன்பது கற்களைச் சுற்றி வந்து, தோஷம் கழிந்ததென்று திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்தக் கற்களுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் நீரைப் பற்றி நினைக்க அவர்களுக்கு நேரமில்லை. அந்த நீர்தான் பாக் விரிகுடா. பதினெட்டாம் நூற்றாண்டில் சென்னையில் கவர்னராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அதற்கு. கடல் என்ற சொல்லுக்கு அஞ்சத்தக்க ஆழம் ஒன்றும் அதற்குக் கிடையாது. சராசரியாக ஒன்பது மீட்டர்தான் இருக்கும். வாடைக்காற்று வீசும் மாதங்களைத் தவிர மற்ற நாட்களில் குளம் போலக் கிடக்கும். அடியில் கடற்புல் வயல் வயலாகப் படர்ந்திருக்கும். ஓராமீன் அதில் மேயும், இறால் குஞ்சு அதில் ஒளியும், ஆவுளியா என்று இந்தப் பக்கத்தார் சொல்லும் கடற்பசு அந்தப் புல்லைத் தின்றே உயிர் வாழும்.

இப்படிப்பட்ட நீரில் மீன் பிடிக்க மனிதன் கண்ட முறைகள் பல. அவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தால் ஒரு செய்தி புலப்படுகிறது.

கைத்தூண்டில் போடுகிறவன் இரையைக் காட்டிவிட்டுக் காத்திருக்கிறான். பசியில்லாத மீன் போய்விடும். வாய் சிறுத்த மீனால் முள்ளை விழுங்க முடியாது. மன்னார் வளைகுடாப் பக்கம் வஞ்சிரத்துக்குப் போகிறவர்களிடம் இன்னொரு முறை உண்டு. ஓடுகிற வள்ளத்தின் பின்னால் தூண்டிலைக் கட்டி இழுத்துக்கொண்டே போவார்கள். ஓடும் இரையைத் துரத்திப் பிடிக்கத் தெம்புள்ள பெரிய மீன்தான் அதில் விழும். காத்திருக்கும் தூண்டிலைவிட ஓடும் தூண்டில் கொஞ்சம் ஆசை மிகுந்ததுதான்; மீன் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டு அது போகிறது. என்றாலும் ஒரு முள்ளுக்கு ஒரு மீன் என்ற கணக்கை அது மீறுவதில்லை. நண்டு வலைக்கும் மீன் வலைக்கும் கண் உண்டு; கண்ணைவிடச் சிறியது நுழைந்து வெளியேறிவிடும். கூடு வைத்துப் பிடித்தால், வேண்டாததை உயிரோடு திரும்பக் கடலில் விடலாம்.

இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் 'இது வேண்டாம்', 'இவ்வளவு போதும்' என்று சொல்லும் ஏதோ ஒன்று பொதிந்து கிடக்கிறது. பிடிக்கிறவன் சொல்லாவிட்டாலும் கருவி சொல்லிவிடும்.

இழுவை மடிக்கு அந்தச் சொல் தெரியாது. வாயை அகல விரித்து வைக்க இரண்டு பக்கமும் பலகைகள். அடிக்கயிற்றைத் தரையோடு அழுத்த இரும்புச் சங்கிலி. விசைப்படகு அதை இழுத்துக்கொண்டு போகும்போது, அடித்தரையில் உள்ளது எதுவானாலும் பைக்குள் போய்ச் சேருகிறது. இறாலுக்கு விரித்த மடியில் இறால் கொஞ்சம், மற்றவை பெரும்பங்கு. காரற் பொடி, நண்டுக் குஞ்சு, பெயர் வைக்கும் அளவுக்குக்கூட வளராத மீன், வேரோடு பிடுங்கிய கடற்புல். இந்தக் குவியலுக்கு இராமேசுவரம் கரையில் 'சங்காயம்' என்று பெயர். உலர்த்தி அரைத்தால் கோழித் தீவனத்துக்கு ஆகும். மனிதனுக்கு உணவாக வளரவேண்டியது, வளருமுன்பே கோழிக்கு மாவாகிறது. ஒன்பது மீட்டர் ஆழமுள்ள கடலில் இதைச் செய்வது, வீட்டுக் கொல்லையில் கீரை பறிக்க ஏர் பூட்டுவதைப் போன்றது.

இந்த முறை நம் கடலுக்கு எப்படி வந்தது? தீயவர்கள் யாரும் கொண்டுவரவில்லை. 1952-இல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அடுத்த ஆண்டு கேரளத்தில் நீண்டகரையில் வேலை தொடங்கியது. பசித்த நாட்டுக்கு மீன் வேண்டும், ஏழை மீனவனுக்கு விசைப்படகு வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அதன் வித்து. பிறகு வெளிநாட்டில் இறாலுக்கு நல்ல விலை இருப்பது தெரிந்தது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இழுவைப் படகுகள் கரைக்குக் கரை பெருகின. கடன் கொடுத்தும் மானியம் கொடுத்தும் அரசு ஊக்கியது. அந்நியச் செலாவணி வந்தது. கூலிக்குப் போன எத்தனையோ குடும்பங்கள் உலை வைத்தன. இதையும் சேர்த்துச் சொல்லாமல் இழுவைக்காரனை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமாகாது.

பழைய முறைக்காரர்களைப் புனிதர்களாக்கிப் பேசுவதும் அப்படித்தான். தேவிபட்டினத்துக் கரையில் வலைக் கண்ணைத் தைத்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "உங்கள் காலத்தில் கடலை அழிக்காமல் காத்தீர்கள் அல்லவா, பெரியவரே?" என்று கேட்டேன். அவர் ஊசியை நிறுத்தாமலே சிரித்தார்.

"நாங்க ஏதோ புண்ணியவான்கன்னு நெனச்சிராதீக, தம்பி. அள்ளுறதுக்கு எங்ககிட்ட சாமான் இல்ல. இருந்திருந்தா நாங்களும் அள்ளித்தான் இருப்போம்."

அந்தப் பதிலைப் பல நாள் சிந்தித்திருக்கிறேன். நாம் நற்குணம் என்று போற்றுவதில் எவ்வளவு பங்கு வெறும் இயலாமை? பாயும் துடுப்பும் நூல் வலையும் மனிதனைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தன. அந்தக் கட்டுப்பாட்டையே நாம் அவனுடைய அறம் என்று எண்ணிக்கொண்டோம். இயந்திரம் வந்து கட்டை அவிழ்த்துவிட்டது. அதுவரை கருவி சுமந்துவந்த பாரம் அன்று முதல் மனிதனுடைய மனச்சாட்சியின் தலையில் ஏறிவிட்டது. அதைச் சுமந்து பழகாத மனச்சாட்சி தடுமாறுகிறது. மீன் பிடிப்பதில் மட்டுமல்ல, இயந்திரம் புகுந்த எல்லாத் தொழிலிலும் இதே கதைதான்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தடுமாற்றமும் இல்லை. 1376-இல் இங்கிலாந்தில், மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்திலேயே, கண் சிறுத்த ஓர் இழுவை வலையைத் தடுக்க வேண்டுமென்று பாராளுமன்றத்துக்கு மனுப் போயிருக்கிறது. அடித்தரையிலுள்ள செடிகொடிகளை அது நாசம் செய்கிறது, அகப்படும் பொடிமீனைப் பன்றிக்குப் போடுகிறார்கள் என்பது முறையீடு. பன்றி இருந்த இடத்தில் இன்று கோழி, அவ்வளவுதான் வேற்றுமை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் 'ஸ்ட்ரைப்டு பாஸ்' என்று உடம்பில் வரி வரியாகக் கோடுகள் உள்ள மீன் ஒன்று உண்டு. அதை வயலுக்கு எருவாக்கக் கூடாதென்று மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1639-இலேயே சட்டம் செய்தார்கள். ஆனாலும் 1970-களுக்குப் பிறகு அந்த மீன் அருகிவிட்டது. 1984-இல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றியது. மேரிலாந்து மாநிலம் 1985 முதல் ஐந்தாண்டு அதைப் பிடிப்பதையே நிறுத்தி வைத்தது. மீன் மீண்டும் பெருகியது. படகின் பின்னால் தூண்டிலை இழுப்பதா, நின்ற இடத்தில் இரை போடுவதா, எது சிறந்தது என்று அங்குள்ள தூண்டில்காரர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் யார் வென்றாலும், கடலில் பிடிப்பவர்கள் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. பெரிய மீன்தான் ஏராளமாக முட்டையிடும் தாய். கருவி சொல்லாத 'போதும்' என்ற சொல்லை அங்கே சட்டம் சொல்கிறது.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1983-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டம் கரையோரக் கடலை நாட்டுப் படகுகளுக்கு ஒதுக்கியது. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுக்கு என்று ஓர் ஏற்பாடும் உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இழுவையை விட்டு ஆழ்கடல் தூண்டிலுக்கு மாறுங்கள் என்று 2017-இல் ஒரு திட்டம் வந்தது. ஒரு படகுக்கு 80 லட்ச ரூபாய். மூன்றாண்டில் 2,000 படகு என்பது நோக்கம். அந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட அது எட்டவில்லை. மானியம் போக மிஞ்சியதுகூட ஒரு குடும்பத்துக்குப் பெருந்தொகை. நெடுந்தூரம் போய்ப் பல நாள் தங்கிப் பிடிப்பது பழகாத தொழில். கட்டை அவிழ்ப்பது எளிது. மறுபடி கட்டிக்கொள்வது கடினம்.

இதற்கிடையில் அக்கரையைப் பற்றியும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கேயும் மீன் பிடிப்பவர்கள் தமிழர்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் முப்பது ஆண்டுப் போரினால் கடலுக்குப் போக வழியின்றி முடங்கிக் கிடந்தவர்கள் 2009-க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கினார்கள். இரவில் விரித்து வைத்த அந்த வலைகளை இங்கிருந்து சென்ற இழுவை மடிகள் அறுத்துக்கொண்டு போயிருக்கின்றன. 2017-இல் இலங்கை அடித்தரை இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. எல்லை தாண்டியதற்காக நம் மீனவர்கள் பிடிபட்டுச் சிறைக்குப் போவதைப் படிக்கும்போது நெஞ்சு வேகிறது. அதே நெஞ்சில், காலையில் வந்து பார்த்து அறுந்த நூலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த மனிதனுக்கும் இடம் இருக்க வேண்டாமா? ஒரு தூண்டில்காரனுக்கு அடுத்தவனுடைய வலை எங்கே இருக்கிறது என்று தெரியும். தெரிந்து விலகிப் போவான். மடி பார்த்து விலகாது. மீனைப் பிரித்தறியாத கருவி மனிதனையும் பிரித்தறிவதில்லை.

என் நண்பருடைய கேள்விக்கு இதுதான் நான் சொல்லக்கூடிய விடை. கொல்லும் முறையில் நல்லது தீயது உண்டு. எதை மிச்சம் வைக்கிறது என்பதே அதை அளக்கும் கோல். ஆனால் இந்தத் தீர்ப்பைக் கடற்கரையில் நிற்பவர்களுக்கு மட்டும் வழங்கிவிட்டு நாம் எழுந்து போய்விட முடியாது. இறாலை மலிவாகக் கேட்டு வாங்கியது நம்முடைய பை. சங்காயம் தின்று வளர்ந்த கோழியின் முட்டை நம்முடைய தட்டில் இருக்கிறது. தூண்டில் மீனுக்குக் கிலோவுக்குப் பத்து ரூபாய் அதிகம் சொன்னால் முகம் சுளித்து அடுத்த கூடைக்கு நகர்கிறவர்களும் நாம்தாம். கடனும் பசியும் கழுத்தை நெரிக்கும் ஒருவனிடம் 'போதும்' என்ற சொல்லை எதிர்பார்க்கிறோம். கடனோ பசியோ இல்லாத நாம் அதை என்றைக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறோம்?