புதுக் குலுக்கல்

முந்நூறு இலக்கம் கொண்ட ஓர் எண். அது பகா எண்ணா, இல்லையா? ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்க ஆயுள் போதாது.

கணினி குலுக்கல் முறையில் வேறோர் எண்ணை எடுக்கிறது. அதை வைத்துச் சோதிக்கிறது. மில்லர்–ராபின் சோதனை என்பது இதுதான். கேரி மில்லர் 1976-இல் அடித்தளம் போட்டார். மைக்கேல் ராபின் 1980-இல் அதில் குலுக்கலைச் சேர்த்தார்.

ஒருமுறை சோதித்தால், பகு எண் ஒன்று பகா எண்ணைப் போல் வேடமிட்டுத் தப்பிக்க நாலில் ஒரு பங்கு வரை வாய்ப்பு உண்டு. இருபது முறை சோதித்தால், அந்த வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும்.

ஆனால் ஒரு நிபந்தனை. ஒவ்வொரு முறையும் புதிதாகக் குலுக்க வேண்டும். எடுத்த எண்ணையே திரும்பத் திரும்ப எடுத்தால், ஒருமுறை தப்பியது இருபது முறையும் தப்பும். உழைப்பு இருபது மடங்கு; தெளிவு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆய்வு மாணவராக இருக்கும் நண்பரே, நள்ளிரவு தாண்டியும் ஒரே நிரூபணத்தோடு மல்லுக்கட்டுகிறீர்கள். நேற்று வழுக்கிய அதே வரியில் இன்றும் கால் வழுக்குகிறது. உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள். எடுத்த எண்ணையே எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

1946-இல் ஸ்டானிஸ்லாவ் உலாம் என்ற கணித அறிஞர் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார். பொழுது போகத் தனியாகச் சீட்டாடினார். இந்த ஆட்டம் கைகூட எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தார், பிடிபடவில்லை. பேசாமல் நூறு ஆட்டம் ஆடி, எத்தனை கைகூடியது என்று எண்ணிவிட்டால் என்ன? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் மான்டி கார்லோ முறை. நியூட்ரான்களின் போக்கைக் கணிக்க அது உதவியது. இன்று அது தொடாத அறிவியல் துறை அரிது.

மேசையில் உழைத்த ஆண்டுகள் அவருக்குள் இருந்தன. சீட்டுக்கட்டு புதுக் குலுக்கலாக வந்து சேர்ந்தது. இரண்டும் வேண்டியிருந்தது.

உங்களுக்கும் இரண்டும் வேண்டும். வேலைக்கு வெளியே இருக்கும் வாழ்க்கையை, வேலையிடமிருந்து திருடிய நேரமாக எண்ணாதீர்கள். மனம் தன்னைக் குலுக்கிக்கொள்வது அங்கேதான்.

இன்று மாலை ஒரு மணி நேரம் மேசையை விட்டு எழுந்திருங்கள். பந்து விளையாடுங்கள். ரசம் வையுங்கள். அம்மாவிடம் பேசுங்கள், ஆய்வைப் பற்றி வேண்டாம், பக்கத்து வீட்டு முருங்கை மரத்தைப் பற்றிப் பேசுங்கள்.

நாளைக் காலை அதே கணக்கின் முன் வந்து உட்காருங்கள். கணக்கு பழையதாகவே இருக்கட்டும். எடுக்கும் எண் புதிதாக இருக்கட்டும்.