கேளாமல் தீர்ப்பிடலாகுமோ?

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் கொல்லிமலைப் பிள்ளைகளுள் ஒருசிலர் சட்டம் பயில விழைவதாகச் சொல்கின்றனர். பெற்றோர் முகம் வாடுகிறது. "பொய் சொல்லிப் பிழைக்கிற தொழிலாயிற்றே, சாமி! குற்றவாளிக்குப் பரிந்து பேசுவது பாவமில்லையா?" என்கின்றனர். செலவைப் பற்றிய அச்சத்தை இக்கேள்விக்குள் மறைத்துக் கேட்போரும் உண்டு. ஆயினும் கேள்வி நேர்மையானது.

தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ளது வாச்சாத்தி. அவ்வூர் மக்களும் கொல்லிமலை மக்களைப் போன்றே மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று, கடத்தப்பட்ட சந்தனக் கட்டைகளைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, மக்கள் அடித்து நொறுக்கப்பட்டனர், 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். அவர்களை விளக்கம் கேட்பார் எவருமில்லை. ஓர் ஊரே குற்றவாளி என்று முடிவு கட்டிய பின் கேள்வி எதற்கு?

அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 1995இல் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. குற்றம் சாட்டப்பெற்றோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களுள் 54 பேர் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனக் காணப்பட்டனர். அவர்களின் மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தள்ளுபடி செய்தது. அதற்கு முன் நீதிபதி வேல்முருகன் அவர்களே அவ்வூருக்குச் சென்று பார்வையிட்டார்.

குற்றம் சாட்டப்பெற்ற அவ்வலுவலர்களுக்கும் வழக்கறிஞர்கள் இருந்தனர் என்பதை நம் பிள்ளைகள் எண்ணிப் பார்க்க வேண்டும். கொடுமைக்கு ஆளானோர் கூண்டில் ஏறிக் குறுக்கு விசாரணையையும் தாங்க வேண்டியிருந்தது. கேட்பதற்கே நெஞ்சு பதைக்கிறது. ஆனால் அச்சோதனையில் தேறிய சாட்சியம் ஆதலால்தான் அத்தீர்ப்பு மேல்முறையீட்டிலும் அசையவில்லை. ஊராருக்கு மறுக்கப்பட்ட உரிமை, அதை மறுத்தவர்களுக்கே அளிக்கப்பட்டது. நீதிக்கும் பழிவாங்கலுக்கும் இடையே நிற்கும் வேலி அது.

யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரத்தில் வரும் நிக்கதேமை நினைவுகூர்வோம். தலைமைக் குருக்களும் பரிசேயரும் இயேசுவைப் பிடித்துவர ஆளனுப்பிய வேளையில், அவர் நீண்ட வாதம் எதுவும் செய்யவில்லை. ஒருவரை விசாரியாமல் தீர்ப்பிட நம் சட்டம் இடங்கொடுக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஏளனத்தையே பரிசாகப் பெற்றார். இயேசு குற்றமற்றவர் என்று நாம் அறிவோம். கூடியிருந்தோர்க்கோ அவர் குற்றவாளி. நிக்கதேம் கோரியது விடுதலையை அன்று, விசாரணையை.

எல்லையும் உண்டு. பொய்ச்சாட்சியைத் தயார் செய்வதும், ஆவணத்தைத் திருத்துவதும், எதிர்த்தரப்பினர் ஏழை என்பதால் வாய்தா வாங்கியே அலைக்கழிப்பதும் தொழில் என்ற பெயரால் தூய்மையாகிவிடா. இவற்றுள் கடைசியையே நான் மிகுதியும் அஞ்சுகிறேன். முதலிரண்டும் சட்டத்தின் முன்னரே குற்றங்கள். வாய்தாவோ முறைப்படி நடப்பதால் மனச்சான்றை உறுத்துவதே இல்லை. கூலியை விட்டுவிட்டு எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நாமக்கல் நீதிமன்றத்துக்கு இறங்கி வருபவருக்கு, ஒவ்வொரு வாய்தாவும் ஒருநாள் சோறு.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாமக்கல்லிலேயே அரசு சட்டக் கல்லூரி உண்டு. பிளஸ் டூவுக்குப் பின் 5 ஆண்டுப் படிப்பு, பட்டம் பெற்றோர்க்கு 3 ஆண்டு. பழங்குடியினர் வழக்கறிஞராகப் பதிவு செய்ய 125 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கலாகாது என 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அரிது அதற்குப் பின் வரும் காலமே: மூத்தவர் ஒருவரிடம் சொற்ப வருவாயில் தொழில் பழகும் ஆண்டுகள். அப்போது பிள்ளையைத் தாங்க இயலுமா என்பதைக் குடும்பம் இப்போதே பேசிக்கொள்வது நலம்.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பழங்குடியினர் வருமான வரம்பின்றி இலவசமாக வழக்கறிஞர் உதவி பெறலாம். அதற்கான விண்ணப்பத்தை எழுதிக்கொடுக்கப் பட்டம் வேண்டியதில்லை. சட்டம் பயில விழையும் பிள்ளை, கல்லூரி திறக்கும் நாளுக்குக் காத்திருக்கும்போதே தன் ஊராருக்கு அதைச் செய்யத் தொடங்கலாம்.