ஒரு முகூர்த்தத்தின் தேய்மானம்

பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை நெருங்கினால் ஏரியும் கல்யாண மண்டபங்களும் வரும். இன்னும் சற்றுத் தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று தொழிற்பேட்டைகள் வரும். இந்தச் சாலையோரம் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு இரண்டு வகை வருமானம் உண்டு. முகூர்த்த நாளில் கல்யாண வீடு. மற்ற நாட்களில் ஆயுத பூஜை, மார்ச் 4 பாதுகாப்பு தினம், ஆண்டு விழா என்று கம்பெனி வேலை. ஆனாலும் பலருக்குக் கையில் காசு நிற்பதில்லை. ரேட் பேசும்போது கண்ணில் படாத செலவுகளே அதற்குக் காரணம்.

முதலில் கேமராவைப் பார்ப்போம். கேனான் 5டி மார்க் 4 கேமராவின் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும் அளவுக்குச் சோதிக்கப்பட்டது. ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம் என்றால் 50 கல்யாணம். பாடியை 2,00,000 ரூபாய்க்கு வாங்கி, பிறகு 50,000-க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். மீதி 1,50,000 ரூபாயை 50 கல்யாணங்கள் சுமக்க வேண்டும். ஒன்றுக்கு 3,000 ரூபாய். அதாவது, ஒவ்வொரு முறை பட்டனை அழுத்தும்போதும் ஒரு ரூபாய். வாடகைக் கார் ஓட்டுபவர் டயர் தேய்மானத்தைக் கிலோமீட்டர் ரேட்டிலேயே சேர்த்துவிடுகிறார். போட்டோகிராபர் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. கேமரா நின்ற பிறகு தவணையில் புதியதை வாங்குகிறார். லென்ஸ், ஃபிளாஷ், பேட்டரி, அவசரத்துக்கு வைத்திருக்கும் இரண்டாவது பாடி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

முகூர்த்தம் நிறைந்த ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. ஏசி மண்டபத்துக்கும் வெளியே இருக்கும் ஈரக் காற்றுக்கும் மாறி மாறிப் போகும் லென்ஸில் நீர் பூக்கும். துடைத்துக் காயவைக்காமல் பைக்குள் போட்டால் பூஞ்சை பிடிக்கும். ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி இந்த ஊரில் ஆடம்பரமே இல்லை.

அடுத்தது, யாரும் பணம் கொடுக்க நினைக்காத செலவு: பாதுகாத்து வைப்பது. ஒரு ரா படம் 30 எம்பி என்றால் 3,000 படம் 90 ஜிபி. 100 எம்பிபிஎஸ் வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோ மணிக்கு 45 ஜிபி. ஆறு மணி நேரத்துக்கு 270. மொத்தம் 360 ஜிபி. இரண்டு பிரதி வைத்தால் ஒரே கல்யாணம் 1 டெராபைட் டிஸ்க்கில் முக்கால் பங்கை நிரப்பிவிடும். இது ஒரு ஸ்டில் கேமரா, ஒரு வீடியோ கேமராவுக்கான கணக்கு மட்டுமே.

இரண்டு பிரதியும் ஒரே கடையில் இருந்தால் அது ஒரு பிரதிதான். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரை வீடுகளில் வெள்ளம் புகுந்தபோது பீரோவில் இருந்த கல்யாண ஆல்பங்களும் ஊறிப்போயின. அப்படி ஆல்பத்தை இழந்த குடும்பம் முதலில் போய்க் கேட்பது போட்டோகிராபரிடம்தான். அந்தப் படங்கள் இன்னொரு ஊரிலோ கிளவுடிலோ இருக்க வேண்டும்; அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும்.

கம்பெனி வேலையில் செலவு வேறு உருவத்தில் வரும். கேட்டில் கேமராவின் சீரியல் நம்பரைப் பதிவுசெய்து பாஸ் வாங்கவே நேரம் போகும். சேஃப்டி ஷூ வேண்டும். பில் போட்ட பிறகும் காத்திருக்க வேண்டும். மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு தொழிலுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். தாமதத்துக்கு வட்டியும் கேட்கலாம். இந்தப் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. செய்யாமல் இருப்பதுதான் நஷ்டம்.

இப்படி இரண்டு வகை வேலையும் செய்பவருக்கு உரிய சிக்கல் ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. ஆனால் கம்பெனிகள் பெரும்பாலும் ஜிஎஸ்டி பில் கேட்கும். அதற்காகவே பலர் முன்கூட்டிப் பதிவு செய்கிறார்கள். பதிவு செய்த பிறகு கல்யாண வீட்டுக்கும் 18 சதவீதம் போட வேண்டும். கம்பெனி அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளும். பெண்ணைப் பெற்றவரால் கழிக்க முடியாது. பதிவில்லாத பக்கத்துக் கடைக்காரர் 60,000 சொல்லும்போது இவரும் அதே தொகைக்கு ஒத்துக்கொண்டால், அதில் 9,150 ரூபாய் போல வரிக்குப் போய்விடும். பதிவுக்குப் பிறகு கேமரா வாங்கினால் அதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது ஓர் ஆறுதல்; பில் பத்திரமாக இருக்க வேண்டும்.

ட்ரோன் வேறு. 250 கிராமுக்கு மேற்பட்டதைத் தொழிலுக்குப் பறக்கவிட 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டும். இத்தனை செலவுக்கும் நடுவே ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாண வேலை வற்றிவிடும். கடை வாடகை வற்றாது.

எல்லாவற்றையும்விட ஆளை முடக்குவது ஆல்பம் பாக்கி. கடைசித் தவணை ஆல்பம் கொடுக்கும்போதுதான் வரும். படம் தேர்ந்தெடுக்க வேண்டிய தம்பதி மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால், எடிட்டருக்கும் உதவியாளருக்கும் கொடுத்த பணம் அதுவரை போட்டோகிராபரின் கடனாகவே நிற்கும்.

ஆகவே ஸ்டுடியோக்காரர்கள் கொட்டேஷனில் தேய்மானத்தையும் படச் சேமிப்பையும் தனி வரிகளாக எழுதுங்கள். படத் தேர்வுக்கு ஒரு கெடுவும் போடுங்கள். கல்யாண வீட்டார் ரேட்டைக் குறைக்கப் பேசும் முன், படங்களின் இரண்டாவது பிரதி எங்கே இருக்கும், எத்தனை வருடம் இருக்கும் என்று கேளுங்கள். கல்யாணம் முடிந்த ஒரு மாதத்துக்குள் ஆல்பத்துக்கான படங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுங்கள்.