நின்னுடுச்சா, சரியாயிடுச்சா?

ஒரு பழுது நின்றுவிட்டது என்பதும் அதைச் சரிசெய்துவிட்டேன் என்பதும் ஒன்றா? அலுவலகத்தில் இதை யாரும் கேட்பதில்லை, டிக்கெட்டை மூடினால் போதும். எனக்கு இந்தக் கேள்வி கும்பகோணத்தில், அக்கா வீட்டு ரூட்டரில்தான் வந்தது.

ரூட்டர் என்றால் கடையில் வாங்கியது இல்லை. இரண்டு நெட்வொர்க் போர்ட் உள்ள குட்டி கம்ப்யூட்டர், லினக்ஸ் போட்டு நான் அமைத்துக் கொடுத்தது. அக்கா ஆன்லைனில் பிளஸ் டூ கணக்கு எடுக்கிறாள். வீட்டு வருமானத்தில் பாதிக்கு மேல் அதுதான். ஜனவரியிலிருந்து வகுப்பு நடுவே தொடர்பு அறுந்துபோகும், சில நொடியில் தானாகவே வந்துவிடும். சில நாள் இரண்டு தடவை, சில நாள் ஒன்றுமே இல்லை.

லாக்கில் ஒரே வரி: டிரான்ஸ்மிட் க்யூ 0 டைம்ட் அவுட். கூடவே டிரைவரின் பெயர். கெர்னல் சொல்வது இவ்வளவுதான்: கார்டிடம் பாக்கெட்டைக் கொடுத்தேன், அனுப்பியாயிற்று என்ற பதில் கெடுவுக்குள் வரவில்லை, ரீசெட் செய்யச் சொல்கிறேன். கெடு பல டிரைவர்களில் 5 நொடி. தப்பு டிரைவருடையதா, கார்டுடையதா, போர்டின் மின்சேமிப்பா, அந்த வரிக்குத் தெரியாது. ஆனால் பெயர் அச்சாகிவிட்டதே, அதனால் திட்டெல்லாம் டிரைவருக்கு. தகவல் சொல்ல வந்தவன் தலையிலேயே பழியைக் கட்டுவது நமக்கென்ன புதிதா!

எனக்கு மூன்று சந்தேகம். ஒன்று கேபிள், வாய்ப்புக் குறைவு, மாற்றுவது சுலபம். இன்னொன்று டிஎஸ்ஓ, அதாவது பெரிய தரவைத் துண்டு போடும் வேலையை ப்ராசஸரிடமிருந்து கார்டு வாங்கிக்கொள்வது. ஈத்டூல் கட்டளையில் அதை அணைக்கலாம். மூன்றாவது ஏஎஸ்பிஎம். வேலை இல்லாதபோது கார்டுக்கும் போர்டுக்கும் நடுவிலுள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பைத் தூங்க வைக்கும் ஏற்பாடு. சில கார்டுகள் இந்தத் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுவதில்லை.

இந்த மூன்றாவதற்கு ஒரு பிரபலமான கைவைத்தியம் உண்டு. பூட் வரியில் பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப் என்று சேர்ப்பது. போட்டதும் சரியாகிவிட்டது என்பார்கள். கெர்னல் ஆவணத்தைப் படித்தால் அதன் பொருள் வேறு: ஏஎஸ்பிஎம் அமைப்பைத் தொடாதே, ஃபர்ம்வேர் வைத்ததை அப்படியே விடு. பயாஸ் ஏற்கனவே அதை ஆன் செய்திருந்தால் ஆனாகவேதான் இருக்கும். காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதையை இதைவிடச் சுத்தமாக யாரும் எழுதிவிட முடியாது. விட்டுவிட்டு வரும் பழுதுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் நாலு நாள் கேட்கும்.

முறைப்படி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நின்றதும் அதைத் திருப்பிப் போட்டு, பழுது மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் தெரிய வேண்டுமென்றால் ஒருமுறையாவது கெடுத்துப் பார்த்தாக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இது நல்ல விதி. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, இன்டெக்ரேஷன் நடத்திக்கொண்டிருக்கிறவள் வீட்டில்? தெரிந்துகொள்ளும் ஆசை என்னுடையது, அதற்கான செலவு அவளுடையது. அங்கே அந்த விதியை நான் மதிக்கவில்லை. ஒரே ராத்திரியில் மூன்றையும் மாற்றினேன், ஏஎஸ்பிஎம்மை பயாஸிலேயே அணைத்தேன். பழுது நின்றது. எதனால் என்று தெரியாது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லினக்ஸ் கெர்னலில் பிசிஐ சாதனங்களின் கோணல்களுக்கென்றே தனியாக ஒரு கோப்பு இருக்கிறது, 5,000 வரிக்கு மேல். இந்த எண்ணுள்ள சிப்பா, இதை அணைத்துவிடு, இந்த ரகம். கோப்பின் பெயரே குவிர்க்ஸ். சமாளித்திருக்கிறோம் என்பதைச் சமாளித்திருக்கிறோம் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கும். தெரியாமலிருப்பதை மன்னிக்கலாம். தெரிந்தமாதிரி ஒரு வினைச்சொல்லைப் போடுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதை நம்பி அடுத்தவர் திட்டம் போடுகிறார்.

அக்கா ஃபோனில் கேட்டாள், "சரி பண்ணிட்டியாடா?"

"நின்னுருக்கு க்கா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

இல்லை என்று சொல்லி, மேலே உள்ளதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். கணக்கு டீச்சர், விடை சரியாக இருந்தும் ஸ்டெப் இல்லையென்றால் மார்க் குறைக்கிறவள்.

"அப்போ மறுபடி வரலாம்?"

"வரலாம்."

மறுநாளே பக்கத்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டை வாங்கி வைத்துக்கொண்டாள். ஏப்ரல் முடிந்தால் வகுப்பு இல்லை, அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் கெடுத்துக்கொள் என்று தேதியும் கொடுத்திருக்கிறாள். பழைய கேபிளை எறியவில்லை. முதலில் அதைத்தான் திருப்பி மாட்டப்போகிறேன்.