இல்லை என்று சொன்னவர்கள்

போன கோடை விடுமுறையில் என் பதினோரு இரவுகள் ஒரு எனிக்மா சங்கேதத்தை உடைப்பதில் போயின. இணையப் புதிர் விளையாட்டு ஒன்றில் அக்கா மகள் என்னை இழுத்துவிட்டாள். இரண்டாம் கட்டத்திலேயே அவள் சலித்துப்போய் விலகிவிட்டாள், நான் மாட்டிக்கொண்டேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது எங்கள் அணியில் நான்கு பேர் இருந்தோம்: ஒரு பொறியியல் மாணவர், ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர், ஒரு செவிலியர், தமிழ் படித்த நான். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை.

எனிக்மா பார்ப்பதற்குத் தட்டச்சு இயந்திரம் போல இருக்கும். ஓர் எழுத்தைத் தட்டினால் மின்சாரம் மூன்று சக்கரங்களின் வழியே போய், கோடியில் திருப்பிவிடப்பட்டு, வேறு வழியாகத் திரும்பி வந்து, வேறோர் எழுத்தின் விளக்கை எரிய வைக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் சக்கரம் ஒரு படி நகரும். அதனால் ஒரே எழுத்தைத் தொடர்ந்து தட்டினாலும் வெவ்வேறு எழுத்துகள் வரும். ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய இயந்திரத்தில் இதற்கு மேல் ஒரு முன்பலகையும் உண்டு. அதில் பத்துக் கம்பிகளைச் செருகும் விதங்கள் மட்டுமே 150 லட்சம் கோடிக்கு மேல்.

எங்கள் புதிரில் முன்பலகை இல்லை. மூன்று சக்கரங்கள் எவை என்று சொல்லியிருந்தார்கள், எந்த வரிசையில் என்று சொல்லவில்லை. தொடக்க எழுத்துகள் மூன்றில் ஒன்றை மட்டும் கொடுத்திருந்தார்கள். வரிசை ஆறு விதம், தெரியாத இரண்டு எழுத்துகள் 676 விதம், ஆக மொத்தம் 4056. நிரல் எழுதித் தேடினால் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அப்படிச் செய்வதில்லை என்று நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம். நான்கு பேர், ஆளுக்கு 1014. அஞ்சல் ஊழியர் தன் வீட்டில் சீட்டுக் குலுக்கிப் பங்கு பிரித்துச் சொன்னார்.

எனக்கு இன்னொரு சின்ன வேலையும் வந்தது. எனிக்மாவில் எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. 'ஏ'யைத் தட்டினால் 'ஏ' தவிர எதுவும் வரலாம். செய்தியில் ஓர் ஊர்ப்பெயர் இருக்கிறது என்று முந்தைய கட்டம் துப்புக் கொடுத்திருந்தது. அந்தப் பெயரைச் சங்கேத வரிக்குக் கீழே எழுதி ஓரோர் இடமாக நகர்த்த வேண்டும். மேலும் கீழும் ஒரே எழுத்து சந்தித்தால் அந்த இடம் அடிபடும். செல்லரித்த பாடலில் எதுகையை வைத்து விட்டுப்போன சீரைத் தேடிப் பழகியவளுக்கு இது தெரிந்த வேலைதான், தலைகீழாக. அங்கே எழுத்து ஒன்ற வேண்டும். இங்கே ஒன்றக் கூடாது. பதினெட்டு இடங்களில் பத்தை அடித்தேன். மீதி எட்டு இடங்களில் மட்டும் கண் வைத்தால் போதும் என்றானது.

ஒன்பதாம் நாள் இரவு செவிலியர் எழுதினார்: "என் பங்கு 1014ம் பார்த்துட்டேன். எதுலயும் இல்ல." நான் அப்போது 640இல் நின்றிருந்தேன். பதினோராம் நாள் அந்த மாணவர் தன் பங்கில் எண்ணூறைத் தாண்டிய ஒரு முயற்சியில் ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டார். விடையை உள்ளிட்டவரின் பெயர் மட்டுமே வெற்றிப் பலகையில் ஏறும். அவர் பெயர் ஏறியது. "தம்பி, சாதிச்சிட்டீங்க!" என்று முதலில் எழுதியவள் நான்தான்.

மறுநாள் செவிலியர் எனக்குத் தனியாக எழுதினார்: "மேடம், தம்பிக்கு வாழ்த்து சொன்னது சரிதான். என்னோட 1014லயும் இல்லன்னு சொன்னேனே, அது எதுலயாவது சேருமா?"

வகுப்பில் இருபது ஆண்டுகளாகப் பெண்ணியம் பேசுகிறவள் நான். அந்தக் கேள்விக்கு உடனே என்னால் பதில் எழுத முடியவில்லை.

கறாராகப் பார்த்தால் அது சேராது என்றுதான் முதலில் தோன்றும். அவர் எந்த அமைப்பை எல்லாம் கழித்தாரோ அவற்றின் பக்கமே மாணவர் போகவில்லை. செவிலியர் ஒன்றுமே செய்யாமல் தூங்கியிருந்தாலும் விடை மாணவரின் பங்கில்தான் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பங்கு 1014ஆக இருந்ததற்குக் காரணம், மீதி 3042ஐ வேறு மூன்று பேர் ஏற்றுக்கொண்டதுதான். அவர் தேட வேண்டிய பரப்பைச் சிறிதாக்கியது எங்கள் உழைப்பு. எந்தப் பரப்பு யாருக்கு என்று முடிவு செய்தது ஒரு துண்டுச் சீட்டு. சீட்டு மாறி விழுந்திருந்தால் நான் வாழ்த்தியிருக்கும் ஆளும் மாறியிருப்பார். 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுப்பிய கேள்வி இதற்குப் பக்கத்தில் நிற்கிறது: நம் கையில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரைப் புகழவோ பழிக்கவோ செய்யலாமா? அவர்கள் பெரும்பாலும் பழியைப் பற்றிப் பேசினார்கள். நான் புகழைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது.

விளையாட்டு எங்கிருந்து கடன் வாங்கியதோ அந்த இடத்துக்குப் போகிறேன். எனிக்மாவை முதலில் கணிதத்தால் உடைத்தவர்கள் போலந்துக்காரர்கள். 1932 டிசம்பரில் மரியன் ரெயெவ்ஸ்கி சக்கரங்களின் உள்இணைப்பைக் கண்டறிந்தார். 1939 ஜூலையில், போர் வெடிக்க ஐந்து வாரமே இருந்தபோது, போலந்துக்காரர்கள் தாங்கள் அறிந்ததை பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் கொடுத்தார்கள். அதன்மேல்தான் இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க் எழுந்தது. உச்சகட்டத்தில் அங்கும் அதன் கிளைகளிலும் ஏறத்தாழ 9000 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள்.

ஆலன் டூரிங் வடிவமைத்து, கார்டன் வெல்ச்மன் மேம்படுத்திய 'பாம்ப்' என்ற இயந்திரம் விடையைக் கண்டுபிடிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். அது செய்ததெல்லாம் கழித்தல். ஊகித்த ஒரு சொல்லைக் கொடுத்தால், அந்தச் சொல்லோடு முரண்படும் அமைப்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகும். முரண்படாத ஒன்று வந்தால் நிற்கும். நின்ற இடமும் பல முறை பொய்யாக இருக்கும். அந்த இயந்திரங்களின் முன்னால் எட்டு மணி நேர முறையில் நின்று, உருளைகளை மாற்றி, பின்புறக் கம்பிகளைச் செருகி, நின்ற இடத்தைக் குறித்துக் கொடுத்தவர்கள் கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள். எந்தச் செய்தியைத் தேடுகிறோம் என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. அவர்கள் நாள் முழுக்கச் செய்தது 'இல்லை' என்று சொல்லும் வேலை.

பிறகு கதை எழுதப்பட்டபோது 'ஆம்' என்று சொன்னவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். எட்டாம் குடிலில் டூரிங்கோடு வேலை பார்த்த ஜோன் கிளார்க், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். 1948 வரை அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தரவில்லை என்பதால் அவருக்கும் பட்டம் இல்லை. சங்கேதம் உடைக்கும் பெண்ணுக்குப் பதவி உயர்வு தர விதியில் இடமில்லாததால் அவரை 'மொழியியலர்' என்று பதிந்து சம்பளத்தை ஏற்றினார்கள். படிவத்தில் பதவிக்கு நேரே மொழியியலர் என்றும், தெரிந்த மொழிகளுக்கு நேரே ஏதுமில்லை என்றும் நிரப்புவது அவருக்கு வேடிக்கையாக இருந்ததாம். 2014இல் வந்த 'தி இமிடேஷன் கேம்' படத்தில் அவர் குறுக்கெழுத்துப் போட்டி வழியாக வேலைக்கு வருகிறார். உண்மையில் அவரை அழைத்தவர், கேம்பிரிட்ஜில் அவருக்கு வடிவியல் சொல்லிக்கொடுத்த வெல்ச்மன்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு உண்டு. எல்லா உழைப்பும் ஒன்றா? கம்பி செருகுவதும் புதிதாக ஒன்றைக் காண்பதும் ஒரே தரமா? மாவிஸ் லீவர் என்ற பெண்ணை வைத்தே இதற்குப் பதில் தேடுகிறேன். ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தவர், பிளெட்ச்லிக்கு வந்தபோது வயது 19. டில்லி நாக்ஸின் குழுவில் இத்தாலியக் கடற்படையின் எனிக்மாவில் வேலை. அதிலும், எங்கள் புதிரைப் போலவே, முன்பலகை இல்லை. ஒருநாள் அவர் கையில் கிடைத்த நீண்ட செய்தியில் 'எல்' என்ற எழுத்து ஒரு முறைகூட இல்லை. எந்த எழுத்தும் தானாக வெளிவராது என்பது அவருக்குத் தெரியும். அப்படியானால் அனுப்பியவன் 'எல்'லை மட்டுமே தட்டியிருக்கிறான்! சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னதற்கு, சோம்பேறித்தனமாக ஒரே பொத்தானில் விரலை வைத்திருக்கிறான். அந்தச் செய்தியைக் கொண்டு ஒரு புதிய சக்கரத்தின் உள்இணைப்பையே அறிய முடிந்தது.

இல்லாத எழுத்தைப் பார்த்த அந்தக் கண் மாவிஸினுடையது. அதை நான் யாருக்கும் பங்கு பிரிக்க மாட்டேன். உள்ளொளி வேறு, சீட்டில் விழுந்த அதிர்ஷ்டம் வேறு. முதலாவதற்குத் தனிப்பெயர் தகும். எங்கள் மாணவருக்கு வாய்த்தது இரண்டாவது. நான் அவரை முதலாவதுபோல் வாழ்த்தினேன். வரலாறும் இதே குழப்பத்தைச் செய்கிறது. இரண்டையும் கலந்துவிட்டு, இரண்டுக்கும் ஆணின் பெயரை எழுதிவிடுகிறது.

இதோடு முடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மாவிஸின் கதை இன்னும் ஓரடி போகிறது. 1941 மார்ச்சில் அவர் உடைத்த ஒரு செய்தி, மூன்று நாளில் இத்தாலியக் கடற்படை ஏதோ செய்யப்போகிறது என்று சொன்னது. அடுத்தடுத்துச் செய்திகளை உடைத்தார்கள். மார்ச் 28ஆம் தேதி இரவு, கிரேக்கத்தின் தெற்கே மாட்டபான் முனையருகே பிரிட்டிஷ் கப்பல்கள் இருளில் நெருங்கி வந்து சுட்டன. இத்தாலியின் மூன்று பெரிய போர்க்கப்பல்களும் இரண்டு நாசகாரிக் கப்பல்களும் மூழ்கின. 2300க்கும் மேற்பட்ட மாலுமிகள் இறந்தார்கள்.

மறைக்கப்பட்ட பெண்களை மீட்டெழுதும் நம் கட்டுரைகளில் மாட்டபான் வெற்றியாக வருகிறது. 2300 பேர் வருவதில்லை. நானே ஒரு கருத்தரங்கில் மாவிஸைப் பற்றிப் பேசியபோது அந்த எண்ணைச் சொல்லவில்லை. மறந்ததால் அல்ல; சொன்னால் கைதட்டல் குறையும் என்று தெரிந்ததால்.

நாஜிகளுக்கும் அவர்களது கூட்டாளிகளுக்கும் எதிரான அந்தப் போர் தோற்றிருக்க வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்க மாட்டேன். மாவிஸ் அதைச் செய்திருக்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. என் கேள்வி கணக்கைப் பற்றியது. இயந்திரத்தின் முன் நின்ற பெண்ணுக்கு வெற்றியில் பங்கு உண்டு என்று வாதாடுகிறோம். 'அவள் கம்பிதான் செருகினாள், பெரிய விஷயம் தெரியாது' என்று யாராவது சொன்னால் கோபப்படுகிறோம். ஆனால் செத்தவர்களைப் பற்றிக் கேட்டால் அதே வாக்கியத்தை நாமே எடுத்து நீட்டுகிறோம்: அவளுக்கு என்ன தெரியும், பாவம். அவளை ஒரு பக்கம் செயல்பட்டவளாகவும் மறுபக்கம் கருவியாகவும் வைக்க முடியாது. பங்கு கேட்டால் இரண்டு பக்கத்திலும் கேட்க வேண்டும்.

தெரியாமல் வைக்கப்பட்டவளின் பழி குறைவுதான்; அதை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறியாமை அவள் மீது சுமத்தப்பட்டது. 1974இல் வின்டர்போதம் என்ற விமானப்படை அதிகாரி இதுபற்றிப் புத்தகம் எழுதும்வரை முப்பதாண்டுகள் அவர்கள் வீட்டிலும் வாய் திறக்கவில்லை. மகள் என்ன வேலை பார்த்தாள் என்று தெரியாமலே பெற்றோர் பலர் இறந்துபோனார்கள். பின்னாளில் மாவிஸ் தோட்டங்களின் வரலாற்றை எழுதியவராகப் பெயர் பெற்றார். ஆனால் பழி குறைவதும் பொறுப்பு அற்றுப்போவதும் ஒன்றல்ல. பொறுப்பே இல்லாத பெருமையைப் பெண்ணுக்குத் தருவது, அவளைக் குழந்தையாக நடத்தும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சி. உன் கை பட்டது, நன்றிலும் பட்டது, சாவிலும் பட்டது என்று சொல்வதுதான் அவளை முழு மனுஷியாக எண்ணுவது.

எங்கள் புதிரில் யாரும் சாகவில்லை. செய்தியை உடைத்தபோது வந்தது ஓர் ஊரின் பெயரும் அடுத்த ஆட்டத்துக்கான அழைப்பும்தான். இருந்தாலும் செவிலியரின் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. குழுவில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதினேன்: ஒன்பதாம் நாள் 1014ஐயும் முடித்தவர் இவர் ஒருவர்தான்; நான் 640ஓடு நின்றுவிட்டதை யாரிடமும் சொல்லவில்லை; விடை என் பங்கின் மீதி 374இல் இருந்திருந்தால் நாம் இன்னும் தேடிக்கொண்டிருப்போம், தவறு என்னுடையது. மாணவர் உடனே பலகையில் பெயரை மாற்ற முடியுமா என்று பார்த்தார். முடியவில்லை. ஒரு பெயருக்குத்தான் இடம்.

செவிலியரிடம் அவருடைய நோட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். நாற்பது பக்க நோட்டு. வரிசை வரிசையாக மூன்றெழுத்து, பக்கத்தில் பெருக்கல் குறி. எதையும் விட்டுத் தாண்டவில்லை. கடைசிக் குறிக்கு அருகே நேரம் குறித்திருந்தார்: அதிகாலை 4.10. அன்று அவருக்குக் காலை ஏழு மணிக்கு டூட்டி.