பிறர் பார்க்கத் தன்னை எழுதுதல்

தன் வாழ்வைத் தானே எழுதிப் பிறர் பார்வைக்கு வைப்பது, சமூக வலைத்தளங்கள் வந்தபின் கோடிக்கணக்கானோரின் அன்றாடப் பழக்கமாகிவிட்டது. பிறர் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது உண்மையாக இருக்க முடியுமா என்ற தத்துவக் கேள்வி அந்தப் பழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. கேள்வி மிகப் பழையது. துறவிகளும் ஆயர்களும் இமாம்களும் அதனோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார்கள். இணையத்தைப் பற்றிய இன்றைய விவாதங்களில் அவர்களுடைய சிந்தனை அரிதாகவே நினைக்கப்படுவது பெரிய இழப்பு.

அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர் ஜஸ்டின் ஹால் 1994இல் தம் சொந்த வாழ்வை இணையத்தில் எழுதத் தொடங்கினார். ‘வெப்லாக்’ என்ற சொல் 1997இல் பிறந்து, 1999இல் ‘பிளாக்’ என்று சுருங்கியது. அதே ஆண்டில் லைவ்ஜர்னலும் பிளாகரும் வந்தன; நிரல்மொழி தெரியாதவரும் எழுதலாம் என்றானது. தமிழில் இதற்கு வலைப்பூ என்று பெயர் வைத்தார்கள். வாசகர் இடும் பதிலுக்குப் பின்னூட்டம் என்ற அழகிய சொல்லும் அமைந்தது. 2004இல் ஆர்குட்டும் பேஸ்புக்கும், 2006இல் ட்விட்டரும் தோன்றின.

இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் முன்பே மனிதர் தம்மைத் தாமே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதிவைத்த குறிப்புகள் அவருக்கு அவரே சொல்லிக்கொண்டவை. தன்னைத் திருத்திக்கொள்வதற்காக எழுதுவது, அவர் பின்பற்றிய ஸ்டோயிக் தத்துவ மரபின் பயிற்சி. அதில் வாசகருக்கு இடமில்லை. அதற்காக, தனிமையில் எழுதுவதே தூயது என்று முடிவுகட்டிவிட முடியாது. எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த வனத்து அந்தோனியாரின் வரலாற்றை நான்காம் நூற்றாண்டில் எழுதிய அத்தனாசியார், அவருடைய அறிவுரை ஒன்றைப் பதிவுசெய்கிறார். துறவிகள் ஒவ்வொருவரும் தம் செயல்களையும் மன அசைவுகளையும், மற்றவரிடம் சொல்லப்போவது போல எழுதிவைக்க வேண்டும். பிறர் கண்முன் தவறு செய்ய எவரும் நாணுவர். எழுத்து உடன்துறவியின் கண்ணாக இருந்து காக்கும் என்பது அதன் உட்பொருள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ, தன்னை எழுதுதல் பற்றி 1983இல் வெளியிட்ட கட்டுரையை இந்த அறிவுரையிலிருந்தே தொடங்குகிறார். பிறர் பார்வை இங்கே ஒருவரை நெறிப்படுத்துகிறது.

இன்றைய அல்ஜீரியாவில் இருந்த ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தினார், 397ஆம் ஆண்டுக்கும் 400ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் ‘அறிக்கைகள்’ நூலை எழுதினார். பதின்மூன்று பகுதிகள் கொண்ட அந்நூல் முழுவதும் கடவுளை முன்னிலைப்படுத்தியே பேசுகிறது. பத்தாம் பகுதியில் அவர் நின்று, தம்மையே கேட்டுக்கொள்கிறார்: கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால், இது ஏன் மனிதர் காதில் விழ வேண்டும்? அடுத்தவர் வாழ்வை அறியத் துடிப்பவர்கள் தம் வாழ்வைத் திருத்திக்கொள்ளச் சோம்புகிறார்களே? தாம் சொல்வது மெய் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்பால் இணைந்தவர்கள் நம்புவார்கள், மனம் தளர்ந்தவர்கள் தேறுவார்கள் என்பது அவர் தரும் விடை.

விடை கிடைத்ததோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. அதே பகுதியில் புகழாசையைப் பற்றி அவர் எழுதுவது, இந்தப் பொருளில் எழுதப்பட்டவற்றுள் மிகக் கூர்மையானது. செல்வத்தின் மீதுள்ள ஆசையைச் சோதிக்க வழியுண்டு; செல்வத்தைத் துறந்து, மனம் கலங்குகிறதா என்று பார்க்கலாம். புகழை அப்படித் துறந்து பார்க்க முடியாது, ஏனென்றால் நல்லபடி வாழ்பவரைப் புகழ் தேடி வந்துவிடும். அதிலிருந்து தப்புவதற்காக யாரும் கெட்டவராக வாழ முடியுமா? புகழை வெறுப்பதாகச் சொல்லும் ஒருவர் அந்த வெறுப்பைக் கொண்டே பெருமை தேடக்கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. சமூக வலைத்தளங்களை விட்டு விலகுவதாக அங்கேயே எழுதிவிட்டு, அதற்கு வரும் பதில்களுக்காகக் காத்திருக்கும் ஒருவரின் தவிப்பை அகுஸ்தினார் நன்றாகவே புரிந்துகொண்டிருப்பார்.

பிறர் பார்வைக்காக நற்செயல் செய்யும் நோய்க்கு இஸ்லாமிய மரபில் ‘ரியா’ என்று பெயர்; தமிழ் முஸ்லிம்கள் அதை முகஸ்துதி என்பார்கள். இமாம் கஸ்ஸாலி ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் இதற்கெனவே நீண்ட பகுதி ஒன்றை ஒதுக்கினார். அதை ஏட்டறிவாக மட்டும் அவர் எழுதவில்லை. பாக்தாதின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் புகழின் உச்சியில் இருந்தபோது, தாம் கற்பிப்பது இறைவனுக்காகவா, பெயருக்காகவா என்று தம்மைச் சோதித்தார். விடை அவரை உலுக்கியது. பாடம் சொல்ல நா எழாமல் போயிற்று. 1095இல் பதவியையும் நகரையும் விட்டு வெளியேறினார். தனியே இரவில் எழுந்து தொழும் வழக்கமுள்ளவருக்கு, விருந்தினர் ஒருவர் வந்திருக்கும் இரவில் அது எளிதாகிவிடுமானால், அந்த எளிமையிலேயே முகஸ்துதி ஒளிந்திருக்கிறது என்பது அவருடைய நுட்பமான கணிப்பு.

ஆனாலும் மனிதர் பார்த்துவிடுவார்களே என்று நற்செயலைக் கைவிடுவதையும் கஸ்ஸாலி ஏற்கவில்லை. அதுவும் மனிதரை முன்வைத்தே எடுத்த முடிவுதான். பிறர் பின்பற்றுவதற்காக நற்செயலை வெளிப்படுத்தவும் நிபந்தனைகளோடு இடம் தருகிறார். அவரே 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் கற்பிக்கத் திரும்பினார். பாவத்தைச் சொல்வதில் மட்டும் கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் பிரிகின்றன. அகுஸ்தினார் தம் இளமைக்காலப் பிழைகளை ஊரறிய எழுதினார். ஒருவர் இரவில் செய்த பிழையை இறைவன் மறைத்திருக்க, விடிந்ததும் அவரே அதை ஊருக்குச் சொல்வதை இஸ்லாமிய மரபு கண்டிக்கிறது.

அகுஸ்தினாரின் நூற்பெயரையே எடுத்துக்கொண்ட தத்துவவாதி ரூசோவின் தன்வரலாறு, அவர் இறந்தபின் 1782இலும் 1789இலும் வெளியாயிற்று. அதிலும் கடவுள் இருக்கிறார். ஆனால் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மனிதக் கூட்டத்துக்குப் போய்விடுகிறது. வலைப்பதிவு அந்தக் கூட்டத்தை எழுதுபவரின் மேசைக்கே கொண்டுவந்தது. எழுதியதற்கும் பின்னூட்டம் வருவதற்கும் இடையில் பெரும்பாலும் சிறிது இடைவெளி இருந்தது. வந்ததும் சொற்களாக வந்தது, மறுக்கவும் விளக்கவும் முடிந்தது. 2009 பிப்ரவரியில் பேஸ்புக் விருப்பக்குறியை அறிமுகப்படுத்தியபோது பாராட்டு எண்ணிக்கையானது. உண்மையான பெருமாற்றம் இதுவே எனலாம். அகுஸ்தினார் அளக்க முடியாமல் தவித்த ஒன்று, நினைப்பு ஆறுவதற்குள் எழுதியவர் கண்ணெதிரே எண்ணாக ஏறத் தொடங்கியது. அடுத்து எதைச் சொல்வது என்பதையும் அந்த எண்ணே முடிவுசெய்யலாம். அப்போது எழுதுபவர் தம்மைக் கண்டறிவதை விட்டு, விரும்பப்பட்ட உருவத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பார். இன்ஸ்டாகிராம் 2019இல் விருப்ப எண்ணிக்கையை மறைத்துச் சோதித்தது. 2021இல் மறைப்பதா வேண்டாமா என்பதைப் பயனரிடமே விட்டது.

அந்தோனியாரின் அறிவுரை இங்கே பொருந்துமா என்றால், பார்ப்பவர் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. துறவிகள் ஒரே பாலைவனத்தில் ஒரே நோன்பை நோற்றவர்கள். ஒருவர் பொய் எழுதினால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். ஒன்றாக உப்புத் தின்று பழகாமல் ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற கருத்தை அரிஸ்டாட்டில் ‘நிக்கோமாக்கிய அறவியல்’ நூலில் எடுத்துக்காட்டுகிறார். பலரோடு முழுமையான நட்புக் கொள்வது இயலாது என்றும் வாதிடுகிறார். பேஸ்புக் பட்டியலில் நண்பர் எனப்படுபவர்களுள் பெரும்பாலோர் அந்த உப்பைத் தின்னாதவர்கள். அவர்கள் பார்வைக்கு நாணத்தைத் தரும் வலிமை உண்டு. ஒருவரை அறிந்து திருத்தும் வலிமை குறைவு.

பார்ப்பவர் யார் என்பதைப் போலவே, கேட்டதை அவர் என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். கத்தோலிக்கத் திருச்சபை ஆண்டுக்கொரு முறையேனும் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்வதை 1215இல் நான்காம் லாத்தரன் சங்கத்தில் கட்டாயமாக்கியது. அதே தீர்மானம், கேட்டதை வெளியே சொல்லும் குருவுக்குக் கடுந்தண்டனையும் விதித்தது. சொல்பவர் முழு உண்மையையும் சொல்ல, கேட்பவர் வாய்மூடி இருப்பது அவசியம் என்று அச்சபை கண்டிருந்தது. 2011இல் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்ய உதவும் கைபேசிச் செயலி ஒன்று, அமெரிக்க ஆயர் ஒருவரின் ஒப்புதலோடு வெளிவந்தது. தன்னைச் சோதித்துப் பார்க்க அதைப் பயன்படுத்தலாம், ஆனால் எந்தச் செயலியும் அந்த அருட்சாதனத்துக்கு ஈடாகாது, பாவம் செய்தவரும் குருவும் நேருக்கு நேர் இருந்தே ஆக வேண்டும் என்று வத்திக்கான் பேச்சாளர் விளக்கினார். அந்த நேர்ச் சந்திப்பில் சொல்லப்பட்டது எங்கும் பதிவாவதில்லை. மன்னிக்கப்பட்டபின் அதைத் திரும்ப எடுத்துக்காட்ட யாராலும் முடியாது.